முனை சிதைந்த வேலும் கொல்லன் உலையும்: சங்கப் பாடல்களில் கூர்ங்கருவி வினைமை

ஆய்வுச் சுருக்கம்

சங்க இலக்கியத்தில் கொல்லனும் உலைக்களமும் இடம்பெறும் பாடல்கள் பெரும்பாலும் தமிழரின் உலோகவியல் அறிவுக்குச் சான்றுகளாகவே எடுத்தாளப்படுகின்றன. அவ்வாறு எடுத்தாளும்போது பாடலின் ஓரிரு அடிகள் மட்டும் பிரித்தெடுக்கப்படுகின்றன. அவை பாடலுக்குள் ஆற்றும் பணி விடுபட்டுப்போகிறது. இக்கட்டுரை குறுந்தொகை, நற்றிணை, அகநானூறு, புறநானூறு ஆகியவற்றிலிருந்து தெரிவுசெய்த பாடல்களை முழுமையாக நோக்குகிறது. கூர்ங்கருவியை முடிந்துபோன பொருளாகக் காணாமல், செய்தல், தேய்தல், மீண்டும் உலைக்குத் திரும்புதல் என்னும் தொடர்வினையாகவே இப்பாடல்கள் காண்கின்றன என்பது இதன் கருத்து. இப்பாடல்களை எதற்குச் சான்றாகக் கொள்ளலாம், எதற்குக் கொள்ளலாகாது என்னும் வினாவும் இங்கு எழுப்பப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கொல்லன், உலைக்களம், கூர்ங்கருவி, தோய்ச்சல், அரம், உவமை, கடன், புறநானூறு 95, புறநானூறு 312.

1. முன்னுரை

தமிழகத்தில் இரும்பின் தொன்மை குறித்த உரையாடல் அண்மைக் காலத்தில் பெரும் வேகம் பெற்றுள்ளது. மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்புப் பொருளின் காலம் கி.மு. 2172 என 2022ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. 2025 சனவரியில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட ‘இரும்பின் தொன்மை’ என்னும் அறிக்கை, சிவகளை மாதிரிகளின் காலக்கணிப்பு கி.மு. 3345 வரை செல்வதை முன்வைத்தது. இவற்றிற்கு முன்பே, 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகம் மேற்கொண்ட கொடுமணல் அகழாய்வுகள் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களை வெளிக்கொணர்ந்தன.

இச்சூழலில் சங்கப் பாடல்கள் மீண்டும் மீண்டும் துணைக்கு அழைக்கப்படுகின்றன. அகழாய்வில் ஒரு பொருள் கிடைத்ததும், அதனைச் சுட்டும் அடியொன்று இலக்கியத்திலிருந்து எடுத்து அருகில் வைக்கப்படுகிறது. துருத்திக்கு ஓர் அடி, அரத்துக்கு ஓர் அடி, குறட்டுக்கு ஓர் அடி என அட்டவணை அமைகிறது. இம்முறையால் பயன் இல்லை என்று கூறுதல் பொருந்தாது. கருவிகளின் பெயர்களும் அவற்றின் வழக்காறும் இவ்வாறுதான் தொகுக்கப்பட்டன. ஆயினும் அட்டவணைக்குள் வந்தவுடன் உவமை தன் பாடலை இழந்துவிடுகிறது. அதைச் சொன்னவர் யார், எந்நிலையில் சொன்னார், உலைக்களத்தின் எந்தக் கணம் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பன கேட்கப்படுவதில்லை.

கூர்ங்கருவி செய்தல் பல கட்டங்களைக் கொண்ட வினை. காய்ச்சுதல், அடித்து நீட்டுதல், வாய் அமைத்தல், தோய்த்தல், அராவுதல், காம்பு பொருத்துதல் என்று அது விரிகிறது. இக்கட்டங்களில் எதனைப் புலவர் தேர்கிறார் என்பதில்தான் திறனாய்வுக்குரிய செய்தி உள்ளது.

2. அடைமொழியும் ஆசிரியர் பெயரும்

புறநானூற்றின் 21, 36, 170 ஆகிய மூன்று பாடல்களிலும் கொல்லன் ‘கருங்கை’ என்னும் ஒரே அடைமொழியுடன் வருகிறான். பாடியோர் முறையே ஐயூர் மூலங்கிழார், ஆலத்தூர் கிழார், உறையூர் மருத்துவன் தாமோதரனார் ஆவர். மூவரும் ஒரே அடையைக் கையாள்வது, வாய்மொழி மரபில் நிலைபெற்ற தொடர்கள் குறித்துக் கைலாசபதி 1968இல் வெளியிட்ட ஆங்கில நூலில் விளக்கிய போக்குக்கு ஒத்தது. எனினும் வாய்பாடு என்று பெயரிட்டதோடு ஆய்வு நின்றுவிட வேண்டியதில்லை. கருமை என்னும் சொல்லுக்கு நிறமும் வலிமையும் பொருளாகும். கரியும் புகையும் படிந்த கை, வலிமை வாய்ந்த கை என்னும் இரண்டும் ஒரே சொல்லுள் அடங்குகின்றன. கொல்லனின் முகமோ உடையோ குடியோ இப்பாடல்களில் பேசப்படவில்லை. அவனது கை மட்டுமே பேசப்படுகிறது.

170ஆம் பாடல் அக்கையின் பணியையும் வரையறுக்கிறது. பிட்டங்கொற்றனின் ஆற்றலைக் கூறும் அப்பாடலில் கொல்லன், இரும்பைப் பயன்படச் செய்பவனாகக் குறிக்கப்படுகிறான். இரும்பு தானாகப் பயன் தருவதன்று, கையினால் பயனுக்கு உரியதாகிறது என்னும் பார்வை அதில் உள்ளது. ஆனால் கொற்றனுக்கு உவமையானது விசையுடன் வீழும் கூடமும் அன்று, அடிபட்டு உருமாறும் இரும்பும் அன்று. அத்தனை அடிகளையும் ஏற்று நிலைபெயராது கிடக்கும் உலைக்கல்லே அவனுக்கு உவமையாகிறது. தாங்குதலை வீரமாகக் காட்ட உலைக்களத்தின் அசையாத பொருளைத் தேர்ந்தது உலைக்களத்தைக் கூர்ந்து கண்டவரின் தேர்வாகும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. மதுரைப் பெருங்கொல்லன் என்னும் பெயருடைய புலவரின் பாடல் குறுந்தொகையில் 141ஆம் பாடலாக உள்ளது. தினைப்புனக் காவலையும் விலங்குகள் திரியும் நள்ளிரவு வழியையும் பேசும் அப்பாடலில் உலைக்களத்தின் சாயல் சிறிதும் இல்லை. உலைக்கல்லை நுணுகிக் கூறியவரோ மருத்துவன் என்னும் பெயருடையவர். ஆதலால் தொழிற்பெயரைக் கொண்டு பாடலின் தொழிலறிவை விளக்க முற்படுவது பொருந்தாது. உலைக்களம் கொல்லர்க்கு மட்டும் தெரிந்த மறைவிடமாக இருக்கவில்லை. ஊரார் அனைவரும் நின்று பார்க்கும் இடமாக அது இருந்திருக்க வேண்டும் என்று கொள்வதே இப்பரவலுக்குப் பொருந்தும் விளக்கம்.

3. உலைமுகம்: அகப்பாடல்களின் தேர்வு

குறுந்தொகை 172இல் கச்சிப்பேட்டு நன்னாகையார் மாலைப் பொழுதில் தனித்திருக்கும் தலைவியின் நெஞ்சைப் பாடுகிறார். வௌவால்கள் பழுத்த மரத்தை நாடிச் செல்லும் நேரத்தில், எல்லையறியாது வருந்தும் அந்நெஞ்சுக்கு, ஏழூர்களின் பொதுவேலைக்காக ஓரூரில் அமைத்த உலையின் துருத்தி உவமையாகிறது. ஒரு கொல்லுலை பல ஊர்களுக்கு வேலை செய்தது என்ற சமூகச் செய்தி இதிலிருந்து வழக்கமாக எடுக்கப்படுகிறது. அது சரியே. ஆனால் பாடல் அச்செய்தியை எங்கே வைக்கிறது என்பது நோக்கத்தக்கது. ஏழூர்களின் தேவையும் ஒரு தோலின் மேல் விழுகிறது. ஒரு வேலை முடியுமுன் அடுத்த ஊரின் வேலை வந்து நிற்கிறது. துருத்தி மிதிபட்டுக் காற்றை வெளிவிட்டு மீண்டும் நிரம்புவது, பெருமூச்சு விட்டு மீண்டும் மூச்செடுக்கும் நெஞ்சோடு வடிவாலும் ஒக்கிறது. கொல்லன் இப்பாடலில் தோன்றுவதேயில்லை. அவனது ஓய்வின்மை அவனுடைய கருவியின் மீது ஏற்றிச் சொல்லப்படுகிறது.

நற்றிணை 133 இன்னும் நுட்பமானது. திருமணம் நீட்டிக்கப்படும் நிலையில் ஆறுதல் கூறும் தோழியிடம் தலைவி மறுமொழி சொல்கிறாள். கொல்லன் தன் வெம்மையான உலையில் பனைமடலால் தெளிக்கும் சிறிதளவு நீரைப் போல அவ்வாறுதல் சிறிதே காப்பாகிறது என்கிறாள். நெருப்பின் முன் சில துளி நீர் பயனற்றது என்னும் அளவில் இவ்வுவமையைப் புரிந்துகொள்வது எளிது. உலைத்தொழிலின் வழக்கம் வேறொன்றைச் சொல்கிறது. கொல்லன் உலையை அணைப்பதற்காக நீர் தெளிப்பதில்லை. கரி விளிம்புகளில் பரவி வீணாக எரியாமல், வெம்மை நடுவிலே குவிய வேண்டும் என்பதற்காகத் தெளிக்கிறான். அந்நீர் நெருப்பைக் கட்டுக்குள் வைக்கிறது. உள்ளே உள்ள கனல் குறைவதில்லை. தோழியின் சொல்லும் அத்தகையதே: துயர் வெளியே பரவாமல் காக்கிறது, உள்ளே அது எரிந்துகொண்டே இருக்கிறது. காப்பு என்னும் பொருளும் சிறிது என்னும் அளவும் ஒருங்கே வருவதன் காரணம் இப்பொழுது விளங்குகிறது. தொழிலின் செய்முறை தெரிந்தால் தலைவியின் கூற்றில் குறையும் நன்றியும் ஒன்றாகக் கேட்கும்.

நற்றிணை 125, புற்றை அகழும் கரடியின் மூச்சொலிக்கு உலைத்துருத்தியை உவமையாக்குகிறது. அகநானூறு 72இல் எருமை வெளியனார் மகனார் கடலனார் அதே கரடியை வேறொரு விரிவில் காட்டுகிறார். மின்மினிகள் மொய்த்த புற்றின் முன் நின்று அகழும் ஆண்கரடி, தீப்பொறிகள் தெறிக்க இரும்படிக்கும் கொல்லனாகத் தோன்றுகிறது. பொறிகள் தெறிக்கும் உலோகம் அங்குப் பொன் என்ற சொல்லால் குறிக்கப்படுகிறது. பொன் என்பது உலோகப் பொதுப்பெயராக நின்று இரும்பைக் குறிக்கும் வழக்குக்கு இது சான்று. காட்சியழகு என்ற அளவில் இவ்வுவமை பெரிதும் பாராட்டப்பட்டுள்ளது. பாடலின் பிற்பகுதியை இதனோடு சேர்த்துப் படிக்கும்போது அது காட்சியழகின் எல்லையைக் கடக்கிறது. தலைவன் வரும் சிறுவழியின் கொடுமைக்கு வாள் உவமையாகிறது. அவ்வழியில் எஃகையே துணையாகக் கொண்டு அவன் வந்தான் எனப் பாடல் தொடர்கிறது. முதலில் இரும்படிக்கும் கொல்லன், அடுத்து வாள் போன்ற வழி, இறுதியில் கையிலுள்ள எஃகு என உலையிலிருந்து கருவி புறப்பட்டு உரியவனின் கைக்கு வந்து சேரும் வரிசை பாடலுக்குள் அமைந்துள்ளது. தவறு தலைவனுடையதும் அன்று, தோழியுடையதும் அன்று, தன்னுடையதே என்று தலைவி முடிக்கும்போது, அவ்வழியெங்கும் நிறைந்திருந்த கூர்மை அவள்மேலேயே திரும்புகிறது.

குறுந்தொகை 12இல் ஓதலாந்தையார் பாலைநிலப் பாறையை உலைக்கல்லுக்கு ஒப்பிடுகிறார். அப்பாறையின் மேல் ஏறி எயினர் தம் அம்புகளைத் தீட்டுகின்றனர். உலைக்கல் என்றவுடன் பாறையின் வெம்மை நினைவுக்கு வருகிறது. அடுத்த தொடரில் தீட்டுதல் வரும்போது, பாறை உண்மையிலேயே பட்டறையின் ஒரு வேலையை ஏற்றுக்கொள்கிறது. உலையில் கருவி பிறப்பது ஒரு முறை. அதன் கூர்மையைக் காப்பது பயன்படுத்துவோரின் அன்றாட வேலை. அவ்வேலை கொல்லனின்றிப் பாலையிலும் நடக்கிறது.

4. நீரும் அரமும்

கானப்பேரெயில் கடந்த உக்கிரப்பெருவழுதியைப் பாடிய புறநானூறு 21, தோய்ச்சல் பற்றிய சான்றாக அடிக்கடி காட்டப்படுகிறது. கொல்லனின் செந்தீயில் காய்ந்த இரும்பு உண்ட நீரைப் போல, இழந்த அரணை மீட்பது அரிது என வேங்கைமார்பன் வருந்துவதாக அப்பாடல் கூறுகிறது. காய்ச்சிய கருவியை நீரில் தோய்த்தல் கொல்லர் வழக்கில் தோய்ச்சல் எனப்படும். போதிய கரிமம் கலந்த எஃகை ஏறத்தாழ 800 பாகை செல்சியஸ் அளவில் காய்ச்சி நீரில் ஆழ்த்தினால் அது கடினமாகும். கரிமம் மிகக் குறைந்த இரும்பு அவ்வாறு கடினமாவதில்லை. ஆனால் இரண்டையும் நீரில் இட்டால் நீர் ஆவியாவது ஒன்றே. குளிரச் செய்யவும் கொல்லன் இரும்பை நீரில் இடுவான். ஆதலால் இப்பாடலைக் கொண்டு எஃகைக் கடினப்படுத்தும் நுட்பம் அறியப்பட்டிருந்தது என்று நிறுவ இயலாது. கொடுமணல் போன்ற இடங்களின் பொருட்சான்றுகளைக் கொண்டே அதனை நிறுவ வேண்டும்.

பாடல் தருவது வேறு. காய்ந்த இரும்பும் நீரும் சந்திக்கும் கணத்தில் எல்லோரும் இரும்பையே பார்ப்பார்கள். அக்கணத்தில்தான் கருவியின் வாய் நல்லதாகிறது அல்லது விரிசல் விட்டுக் கெடுகிறது. புலவரோ நீரின் பக்கம் நிற்கிறார். வென்றவன் பக்கம் இரும்பின் உறுதி இருக்க, தோற்றவன் பக்கம் திரும்பி வாராத நீர் இருக்கிறது. வாகை பாடும் ஒரு பாடலின் இறுதிச் சுவை இழந்தவனின் சொல்லால் அமைவதற்கு இத்தேர்வே காரணம்.

புறநானூறு 36இல் அராவுதல் என்னும் கட்டம் இடம்பெறுகிறது. கருவூரை முற்றியிருந்த சோழன் கிள்ளிவளவனிடம் ஆலத்தூர் கிழார் பேசுகிறார். கொல்லன் அரத்தினால் அழகுற வாய் அமைத்த நெடுங்காம்புக் கோடரி காவல் மரங்களை வீழ்த்துகிறது. அவ்வோசை அரண்மனை வரை கேட்டும் உள்ளிருக்கும் வேந்தன் இனிதே இருக்கிறான். அத்தகையவனோடு பொருவது நாணத்தக்கது என்கிறார் புலவர். கருவியின் கூர்மருங்கைத் தமிழ் வாய் என்றே வழங்குகிறது. பொருநராற்றுப்படையில் நெல்லரியும் குயத்துக்கும் இதே வழக்கு உண்டு. இப்பாடலில் கோடரியின் வாய் ஊரெங்கும் ஒலிக்க, அரசனின் வாய் மூடியிருக்கிறது. போர்க்கருவிக்கு ஒரு செய்பவனும் ஒரு செய்நேர்த்தியும் உண்டு என்று நிறுத்திச் சொல்லும் அடி, அக்கருவி இப்போது எத்தகைய வேலைக்குச் செலவாகிறது என்ற வினாவையும் உடன் எழுப்புகிறது. போரைத் தவிர்க்கச் சொல்லும் பாடலில் அவ்வடி அணியாக மட்டும் நிற்கவில்லை.

அரம் கூர்மை தரும்போதே கருவியைத் தேய்க்கவும் செய்கிறது. திருக்குறள் இவ்விரு பக்கங்களையும் தனித்தனியே கையாள்கிறது. 997ஆம் குறளில் அரம் கூர்மைக்கு உவமை. 888ஆம் குறளில் அரத்தால் தேயும் இரும்பு உட்பகையுற்ற குடிக்கு உவமை. அங்கும் இரும்பைக் குறிக்கும் சொல் பொன் என்பதே. ஒவ்வொரு கூர்மையும் கருவியின் உடலிலிருந்து சிறிது எடுத்துக்கொண்டே பிறக்கிறது என்ற பட்டறை அறிவு இவ்விரண்டுக்கும் அடியில் உள்ளது.

5. கொல்துறை: கடனும் செலவும்

புறநானூறு 312இல் பொன்முடியார் கடமைகளை வரிசைப்படுத்துகிறார். பெற்று வளர்த்தல் தாய்க்கும், சான்றோனாக்குதல் தந்தைக்கும், வேல் வடித்துத் தருதல் கொல்லனுக்கும், நன்னடை நல்குதல் வேந்தனுக்கும், போர்க்களத்தில் யானையை வென்று மீளுதல் இளையோனுக்கும் உரிய கடன்கள். நன்னடை என்பதற்குத் தண்ணடை எனவும் பாடம் உண்டு. ஒழுக்கமா, மருதநிலக் கொடையா என்ற விவாதம் அதனால் எழுந்தது. ஆய்வாளர் கவனம் வேந்தனின் கடன்மீதே நிலைத்துவிட்டதால், அதற்கு முன்னுள்ள கொல்லனின் இடம் போதிய அளவு ஆராயப்படவில்லை.

வரிசையில் கொல்லன் தந்தைக்கும் வேந்தனுக்கும் இடையில் நிற்கிறான். குடும்பத்திலிருந்து அரசுக்குச் செல்லும் வழியில் ஊரின் சார்பாக நிற்பவன் அவன் ஒருவனே. எல்லாக் கடன்களும் ஒரே இளையோனை நோக்கிச் செல்கின்றன. தாய் பெற்றது அவனை, தந்தை சான்றோனாக்கியது அவனை. அவ்வாறெனில் கொல்லன் வடிப்பதும் அவனுக்கான வேல் என்று கொள்வதே வரிசைக்கு இயையும். ஆயுதக்கூடத்திற்காக எண்ணிச் செய்யப்பட்ட பல வேல்களுள் ஒன்றாக அதனைக் கொண்டால் வரிசையின் ஒருமை குலைகிறது. ஓர் ஆளின் கைக்கு ஏற்ப ஒரு கருவி என்னும் எண்ணம் பாடலில் வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை. எனினும் பாடலின் அமைப்பு அதனைக் கோருகிறது. விலை என்ற சொல் அங்கே இல்லை. கடன் என்ற சொல்லே உள்ளது.

கடனாகச் செய்யப்பட்ட கருவியின் பிற்கால வாழ்வை ஔவையாரின் 95ஆம் பாடல் காட்டுகிறது. தொண்டைமானிடம் தூது சென்றபோது பாடப்பட்டதாக அதன் கொளு கூறுகிறது. தொண்டைமானின் படைக்கலங்கள் பீலி அணிந்து, மாலை சூடி, காம்பு திருத்தப்பட்டு, நெய் பூசப்பட்டுக் காவல் மனையில் உள்ளன. அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி முனை சிதைந்து கொல்லனின் சிறுகொட்டிலில் கிடக்கின்றன. பழிப்பது போலப் புகழும் நயம் என்று இது விளக்கப்படும். அந்நயம் எதைச் சார்ந்து இயங்குகிறது என்பதைக் கூறினாலன்றி விளக்கம் நிறைவு பெறாது. பாடல் இரு அரசர்களை ஒப்பிடுவதற்கு முன் இரு இடங்களை ஒப்பிடுகிறது. காவல் மனை கருவியின் மாறாத நிலையைக் காக்கிறது. கொல்துறை அதன் மாற்றத்தை ஏற்கிறது. பீலியும் மாலையும் கருவி வேலை செய்யவில்லை என்பதன் அடையாளங்களாகிவிடுகின்றன.

பாடலின் இறுதிப் பகுதி பெரும்பாலும் தனியே விடப்படுகிறது. உள்ளபோது பிறர்க்கு உணவு கொடுப்பவன், இல்லாதபோது இருப்பதைப் பலரோடு பகிர்ந்து உண்பவன் என்று அங்கே அதியமான் புகழப்படுகிறான். வேலைப் பற்றிய பாடலில் உணவு ஏன் வந்தது? இரண்டும் செலவாவதற்கு உரியவை. சேமித்து வைத்த சோறும் சேமித்து வைத்த வேலும் ஒரே குறையுடையன. முனை சிதைந்த வேலும் பகிர்ந்து தீர்ந்த உணவும் ஒரே அறத்தின் இரு முகங்கள். இவ்வாறு நோக்கினால் கொல்துறை செலவான கூர்மை மீண்டும் ஈட்டப்படும் இடமாகிறது. ஏழூர்க்கு ஓருலையாகக் குறுந்தொகையில் ஓய்வின்றி இயங்கும் துருத்தியும் இதே இடத்திற்கு உரியது.

6. சான்றின் எல்லை

மேற்கண்ட வாசிப்பு ஒரு கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும். கொல்லனை இப்பாடல்கள் உயர்த்துகின்றனவா? அவனது கை, கடன், கொட்டில் ஆகியன மதிப்புடன் கூறப்படுவது உண்மை. ஆனால் எடுத்துக்கொண்ட பாடல்களில் ஒன்றிலும் கொல்லன் பேசவில்லை. அகப்பாடல்களில் அவனது உழைப்பு தலைவியின் துயருக்கும் கரடியின் மூச்சுக்கும் உவமையாகிறது. புறப்பாடல்களில் அவன் அரசனின் புகழுக்கு அளவுகோலாகிறான். அவன் பெற்ற ஊதியம், அவனது மனை, அவனது வருத்தம் எதுவும் தெரியவில்லை. ஆதலால் இப்பாடல்களிலிருந்து ‘கொல்லர்கள் உயர்நிலையில் வாழ்ந்தனர்’ என்று முடிவு கூறுவது, தோய்ச்சல் பாடலிலிருந்து எஃகு நுட்பத்தை நிறுவுவதைப் போன்றே சான்றின் எல்லையை மீறுவதாகும்.

இப்பாடல்கள் உறுதியாகத் தரும் சான்று ஒன்றுண்டு. கூர்ங்கருவியைச் செய்பவனும் பயன்படுத்துபவனும் ஒருவரையொருவர் அறிந்த உலகம் அது. அவ்வுறவின் பிற்கால வடிவங்கள் தமிழகச் சிற்றூர்களில் நெடுங்காலம் நிலவின. கலப்பைக் கொழுவையும் அரிவாளையும் ஆண்டு முழுதும் அடித்துத் தந்த கொல்லனுக்கு அறுவடைக் களத்தில் நெல் அளந்து தரும் வழக்கம் அதில் ஒன்று. சிவகங்கை மாவட்டத் திருப்பாச்சேத்தி அரிவாள் ஊர்ப்பெயராலேயே அறியப்படுகிறது. லாரிகளின் அதிர்வு தாங்கும் பழைய எஃகுப் பட்டைகள் இன்றைய பட்டறைகளில் அரிவாளாகின்றன. பனையேறியும் விவசாயியும் தம் கைக்கும் வேலைக்கும் ஏற்ற எடையையும் வளைவையும் சொல்லிச் செய்துகொள்கின்றனர். வாய் மழுங்கிய கருவி மீண்டும் பட்டறைக்கு வருகிறது. இதனைச் சங்க காலத்தின் மாறாத தொடர்ச்சி என்று கூற ஆதாரமில்லை. ஆனால் பழைய உவமைகளை விளங்கிக்கொள்ள உதவும் தொழிலறிவு இப்பட்டறைகளில் உள்ளது. நற்றிணை 133இன் சிறுநீர்த் தெளிப்பு அதற்கு எடுத்துக்காட்டு. ஆயத்தக் கத்திகள் கடைகளில் மலிந்து பட்டறைகள் குறைந்துவரும் இன்றைய சூழலில், அவ்வறிவைப் பதிவுசெய்வது இலக்கிய உரைமரபுக்கும் தேவையான பணியாகும்.

7. முடிவுரை

சங்கப் புலவர்கள் உலைக்களத்திலிருந்து எடுத்துக்கொண்டவை பெரும்பாலும் முடிந்த கருவியின் பளபளப்பைச் சார்ந்தவை அல்ல. ஓயாத துருத்தி, அளவாகத் தெளித்த நீர், அடிதாங்கும் கல், திரும்பாத நீராவி, தேய்க்கும் அரம், சிதைந்த முனை ஆகிய வினைக்கணங்களே அவர்களுக்குப் பயன்பட்டன. அகப்பாடல்கள் அவற்றால் நெஞ்சின் வெம்மையை அளந்தன. புறப்பாடல்கள் அவற்றால் பயன்பாட்டின் அறத்தை அளந்தன. கருவியின் சிறப்பு அது காக்கப்படுவதில் இல்லை, செலவாகி மீண்டும் செய்தவனிடம் திரும்புவதில் உள்ளது என்பது 95ஆம் பாடலின் தீர்ப்பு.

இரும்பு எத்தனை தொன்மையானது என்ற வினாவுக்கு அகழாய்வு விடை தருகிறது. அதை யார் கையில் எடுத்தார், யாருக்காக வடித்தார், முனை சிதைந்தபின் அது எங்கே சென்றது என்ற வினாக்களுக்கு இலக்கியம் விடை தருகிறது. முதல் வினாவுக்கான துணைச்சான்றுகளாக மட்டும் பாடல்களைச் சுருக்கிவிட்டால், அவை தொண்டைமானின் வேல்களைப் போல மாலை சூடிக் காவல் மனையில் இருக்கும். பயன்பாட்டுக்கு உரியவற்றைப் பயன்படுத்திப் பார்ப்பதே திறனாய்வின் கடன்.